குடம் வாங்கிய ஊரும் பஸ் போன ஊரும்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். குழந்தைத் திருமணத் தடுப்புத் திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்யப் போயிருக்கிறாள். "மேடம், டேப்லெட்ல 'வெற்றிக்கான காரணம்'னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. எதையாவது ஒண்ணைத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் வருது. நான் எதைத் தொடட்டும்?" என்றாள். "முதல்ல அந்த டேப்லெட்டை மூடு" என்றேன். அதில்தான் பேசிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, இணைப்பும் சேர்ந்து போய்விட்டது. அவளிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது சேர்வராயன் மலையில் நாகலூர் பக்கம். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சேலத்தில் பட்டம் வாங்கி, அங்கேயே ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். யாராவது ஒரு திட்டம் நடத்துவார்கள். அது பலித்ததா, பலிக்கவில்லையா, ஏன் என்று போய்ப் பார்த்து எழுதுவது எங்கள் வேலை. என் அம்மாவுக்கு இது கடைசி வரை பிடிபடவில்லை. "அடுத்தவங்க செஞ்ச வேல சரியான்னு பாக்கறதுக்குச் சம்பளமா? அத நாங்க சும்மாவே பண்ணீட்டு இருக்கறமே, ஸ்டெல்லா" என்பாள்.

முதல் சில வருடங்கள் இலவச அடுப்பு, இலவச ஆடு, கழிப்பறை என்ற திட்டங்களிலேயே போயின. கழிப்பறைக்குள் அடுக்கிய விறகையும், புகையில்லா அடுப்பின் மேல் வைத்த பூந்தொட்டியையும் எண்ணி எண்ணி எழுதினேன். நாட்டில் எல்லாத் திட்டமும் தோல்வி என்ற முடிவுக்கு இருபத்தைந்து வயதிலேயே வந்துவிட்டேன். அதை அறிக்கையிலும் எழுதினேன். அப்போதுதான் புது மேலதிகாரி நடராஜன் சாரிடம் மாட்டினேன்.

சார் சேலம் டவுன்காரர். மலை ஏறுவது அவருக்கு ஆகாது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஏற்காட்டில் இறங்கியதும் குரங்குக் குல்லாயை மாட்டினால், உச்சி வெயிலிலும் கழற்றமாட்டார். மலைக்காரர்கள் பனியன் போட்டுக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சாருக்குக் கோபம் வந்தால் பேச்சில் மரியாதை கூடிவிடும். அவரிடம் நான் கொடுத்த முதல் அறிக்கையைப் படித்துவிட்டு, "அம்மா, நீங்க எழுதினது நல்லா இருக்குதுங்க. இதுல நடந்தது எங்க இருக்குதுங்க?" என்றார். சிவப்புப் பென்சிலால் 'மிகுந்த அலட்சியம்' என்பதில் 'மிகுந்த'வைச் சுழித்து, பக்கத்தில் 'எத்தனை பேர்?' என்று எழுதினார். அதற்குக் கீழே 'அலட்சியம்' என்பதையும் சுழித்து, 'என்ன செய்தார்கள்?' என்று எழுதினார். அன்று சாயங்காலம் நான் வேலையை விடுவதாக முடிவு செய்தேன். காலையில் பஸ் வந்ததால் ஏறி வேலைக்கே போய்விட்டேன்.

அவர் கற்றுக்கொடுத்த முறைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, கருத்தைக் கேட்காதே, நடந்ததைக் கேள். 'பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்வது சரியா?' என்றால் எவரும் சரியில்லை என்றுதான் சொல்வார்கள். 'இந்த வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணத்துக்குச் சமையல் யார்?' என்று ஆரம்பித்தால் மீதியெல்லாம் தானே வரும். இரண்டு, கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடு. எதிரில் இருப்பவர் பேசாவிட்டாலும் மூடு. "சும்மா இருக்கறது கஷ்டமுங்க. நமக்குக் கஷ்டமா இருந்தா அவங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். யாரு மொதல்ல தோக்கறாங்கன்னு பாருங்க" என்பார்.

நான் சொல்ல வந்த திட்டம் பல வருடம் கழித்து, நான் ஓய்வு பெறச் சுமார் பத்து வருடம் இருந்தபோது வந்தது. வெளியூர் அறக்கட்டளை ஒன்று, எங்கள் சேர்வராயன் மலையில் சில ஊர்களில், பதினெட்டு வயதுக்கு முன் பெண்களுக்குக் கல்யாணம் செய்வதை நிறுத்த ஒரு திட்டம் நடத்தியது. ஊருக்கு ஊர் தெருநாடகம். அதில் ஒரு கொடுமைக்கார மாமியார் வேஷம். அதைக் கட்டியவர் மீசையை எடுக்க மறுத்துவிட்டதால், மீசை வைத்த மாமியார். நாடகம் முடிந்ததும் குடும்பத் தலைவர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஓர் எவர்சில்வர் குடம். குடத்தின் வயிற்றில் 'பதினெட்டுக்கு முன் திருமணம் பண்ணமாட்டோம்' என்று வெட்டியிருக்கும். சில வருடம் நடத்திவிட்டு, பலனைப் பார்த்துச் சொல்லும்படி எங்களை அழைத்தார்கள்.

ஊர்ப் பெயர்களைச் சொல்லமாட்டேன். அறிக்கையில் எழுதியது போலவே அ ஊர், ஆ ஊர் என்கிறேன். இரண்டு ஊரிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், நான் இன்னும் சில கல்யாணச் சாப்பாடு சாப்பிட வேண்டியிருக்கிறது.

அ ஊர் அறக்கட்டளையின் செல்லப்பிள்ளை. ஒரு வீடு பாக்கி இல்லாமல் கையெழுத்துப் போட்ட ஊர். நான் போனதும் எல்லோரும் சட்டத்தை என்னிடம் ஒப்பித்தார்கள். "பொண்ணுக்குப் பதினெட்டுங்க, பையனுக்கு இருவத்தொண்ணுங்க." கல்யாணத்தின்போது உங்களுக்கு என்ன வயது என்று ஓர் அம்மாவைக் கேட்டேன்.

"பதினெட்டுங்க."

"மூத்த மகனுக்கு இப்ப என்ன வயசுங்க?"

"முப்பது இருக்குமுங்க."

"உங்களுக்கு?"

"நாப்பத்தி நாலு, அஞ்சுங்க."

பக்கத்து வீட்டிலும் பதினெட்டு. அதற்கடுத்த வீட்டில், பல் விழுந்த மாமியாருக்கும் பதினெட்டு, மருமகளுக்கும் பதினெட்டு. நாடகம் வந்த பிறகு அந்த ஊரில் பழைய கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் வயது கூடிவிட்டது. வருங்காலத்தை மாற்ற வந்த திட்டம் கடந்த காலத்தை ஒழுங்கு செய்திருந்தது.

ஆகவே சார் சொன்னபடி கடைசிக் கல்யாணத்தின் சமையலிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் பெண் அப்போது எந்த வகுப்பு, எஸ்டேட் வாசலில் சில்வர் ஓக் மரம் சாய்ந்ததற்கு முன்னாலா பின்னாலா, கல்யாணம் மிளகு பறிக்கையிலா என்று ஒவ்வொன்றாகக் கோத்தால் வயது வந்துவிடும். பதினாறு, பதினைந்து, பதினாறு என்று வந்தது. ஒரு வீட்டில் கல்யாணப் போட்டோ ஆல்பம் காட்டினார்கள். மணப்பெண்ணுக்குப் பின்னால் சீர்வரிசை. அதில் வரிசையாக ஐந்து குடங்கள், அத்தை சித்தப்பா எல்லோரும் தங்கள் உறுதிமொழிக் குடத்தையே சீராக வைத்திருக்கிறார்கள். ஐந்திலும் 'பதினெட்டுக்கு முன் திருமணம் பண்ணமாட்டோம்' நன்றாகத் தெரிந்தது. பெண்ணுக்கு வயது பதினாறு. நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஆல்பத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்த வீட்டு அம்மா, "நல்ல கனமான குடமுங்க. வேற வாங்குனா இந்த எடைக்கு வராது" என்று விளக்கினார்.

ஆ ஊர் நேர்மாறு. அங்கே ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. நாடகக் குழுவை விரட்டிவிட்டார்கள். விரட்டியதில் முன்னணியில் நின்றவர் ராசம்மா என்கிற காப்பி விவசாயி. அவரே எனக்குக் கதை சொன்னார். "களத்துல காப்பிக் கொட்ட காயுதுங்க டீச்சர். அது மேல வேன ஏத்தி நிறுத்திப்போட்டு, பொம்பளப் புள்ளைங்களக் காப்பாத்த வந்தோம்ங்கறாங்க. மொதல்ல எங்கொட்டையக் காப்பாத்துங்கன்னு தொடப்பத்த எடுத்துட்டேன்." கையில் பைலோடு வரும் பெண்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான்.

அந்த ஆ ஊரில் தேடித் தேடிப் பார்த்தேன். பதினெட்டுக்கு முன் கல்யாணமான பெண் அண்மையில் ஒருத்திகூட இல்லை. இருபது, இருபத்திரண்டு என்றுதான் வந்தது. சார் என் தாள்களை மூன்று முறை புரட்டினார். குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் தலையை மலை மேல் நான் அன்றுதான் பார்த்தேன்.

"கையெழுத்துப் போட்ட ஊர்ல நடக்குது, தொடப்பம் எடுத்த ஊர்ல நடக்கல. ஏனுங்க?"

காரணம் பெரிய மர்மம் இல்லை, நான் தினமும் அதில்தான் ஏறி இறங்கினேன். ஏற்காடு பஸ்ஸுக்கு ஆ ஊர்தான் கடைசி நிறுத்தம். காலையில் அங்கேயே கிளம்பும், சாயங்காலம் அங்கேயே வந்து திரும்பும். உள்ளூரிலேயே பத்தாவது முடித்த பெண்கள் பிளஸ் ஒன் படிக்க அதில் ஏறி உட்கார்ந்து போய்விடுகிறார்கள். அ ஊரிலும் பத்தாவது வரை பள்ளிக்கூடம் உண்டு, பஸ்தான் இல்லை. எஸ்டேட் பாதையில் நாலு கிலோமீட்டர் நடந்து ஆ ஊருக்கு வந்துதான் ஏற வேண்டும். "வயசுப் புள்ளைய அந்தக் காட்டுப் பாதைல தெனமும் எப்படிங்க அனுப்பறது?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். அனுப்ப முடியாது. வீட்டில் சும்மா வைத்திருந்தாலும் பேச்சு வரும். ஆகவே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சட்டம் தெரியாமல் அல்ல. அறியாமைக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை மீசை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சார் அதோடு விடவில்லை. "அந்தப் புள்ளைங்களக் கட்டறவன் எந்த ஊருங்க?" என்றார். போய்க் கேட்டேன். பாதிக்கு மேல் ஆ ஊர். தங்கள் பெண்களை பஸ் ஏற்றிப் படிக்க அனுப்பிவிட்டு, தங்கள் பையன்களுக்குப் பஸ் போகாத ஊரில் பதினாறு வயதில் பெண் எடுத்திருக்கிறார்கள். துடைப்பம் எடுத்த ஊரைப் பற்றி மனதுக்குள் கட்டியிருந்த கோயிலை நான் அன்றே இடித்துவிட்டேன்.

அப்போது அ ஊரில் ஒரு கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. பெண் சங்கீதா, பதினாறு வயது, பத்தாவது அப்போதுதான் முடித்தவள். அம்மா பழனியம்மா மிளகு பறிக்கப் போகிறவர். மாப்பிள்ளை யார் என்று கேட்டேன். அத்தை மகனாம். அத்தை யார் என்றேன். ஆ ஊர் ராசம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புகார் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். தேதி குறித்தால் கொடுத்தே ஆக வேண்டும், அதில் சார் கறார். ஆனால் வேறோர் ஊரில் புகாரால் நின்ற கல்யாணம் அடுத்த வாரமே அடிவாரத்தில் ஒரு கோயிலில் சத்தமில்லாமல் நடந்ததை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். இங்கே இன்னும் தேதி குறிக்கவில்லை. சங்கீதா வீட்டுக்கு மூன்று முறை போய் அவள் அப்பா, அம்மா இருவரிடமும் பேசினேன். "எனக்கும் மனசில்லைங்க. பஸ் இருந்தா படிக்க வெச்சுருவேன்" என்றார் பழனியம்மா. ஆ ஊரில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கலாமே என்றேன். பழனியம்மா என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பேச்சு முடிந்த வீட்டில் கல்யாணத்துக்கு முன் பெண் தங்கக் கூடாது. அது அந்தப் பக்கத்து வழக்கம். பேச்சு முடியாமல் இருந்தால் அத்தை வீடு, முடிந்துவிட்டால் மாமியார் வீடு. அந்த ஒரு வார்த்தையால் அந்தப் பெண்ணுக்கு பஸ்ஸும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் சார் மேல் காட்டினேன். "நம்ம வேலை பாக்கறதுதானுங்க, பண்றது இல்லைங்க" என்றார். பிறகு, "ராசம்மாவை இன்னும் பேட்டி எடுக்கல, இல்லைங்களா?" என்று எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே கேட்டார்.

மறுநாள் காலை போனேன். ராசம்மா களத்தில் காப்பிக் கொட்டையைப் பலகையால் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் மகள் கவிதா பிளஸ் டூ, பஸ் பிடிக்கப் புத்தகப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்க மகளுக்கு எப்பங்க கல்யாணம் பண்ணுவீங்க?"

"அவளுக்கு என்னங்க அவசரம்? படிச்சு முடிக்கட்டும், ஒரு வேலைக்குப் போவட்டும். இருவத்தி மூணு, நாலு ஆவட்டுமே."

"மருமகளுக்கு?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ராசம்மா ஒரு வரிசையைத் தள்ளி முடித்தார். திரும்பி இன்னொரு வரிசை தள்ளினார். எனக்கு நாக்கு அரித்தது. நூறு வரை எண்ணினேன்.

"அது வேறங்க, இது வேறங்க" என்றார். நான் பேசவில்லை.

"பஸ் இல்லாத ஊர்ல அவ ஊட்ல குந்திட்டு என்னங்க பண்ணுவா?" நான் பென்சிலைப் பார்த்தேன்.

"நான் என்ன வெளியாளுங்களா? எங்கண்ணன் புள்ள. எம்பட புள்ள மாதிரியே வெச்சுக்குவேன்." சொல்லிவிட்டு நின்றார். கவிதா பை மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. ராசம்மா பலகையைக் கீழே போட்டார்.

"செரிங்க டீச்சர். பேச்சக் கலைச்சுப் போடறேன். எம்பையனுக்கு வேற பாத்துக்கறேன். அண்ணன் புள்ளயா அவ இங்க வந்து இருக்கட்டும், கவிதாவோட பஸ்ல போவட்டும். எழுதிக்கோங்க."

எழுதினேன். கண்ணில் நீர் வந்து எழுத்து தெரியவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, படிவத்தில் அடுத்ததாக இருந்த கேள்வியைக் கேட்டேன். "உங்க வீட்ல கழிப்பறை இருக்குங்களா?"

அந்த வாரமே வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துப் பேச்சைக் கலைத்தார்கள். சங்கீதா அத்தை வீட்டுக்கு வந்து பஸ் ஏறினாள். ஆனாலும் சார் இதை அறிக்கையில் சேர்க்கவில்லை. "ஒரு ஆள வெச்சு முடிவு சொல்ல முடியாதுங்க" என்று சிவப்புப் பென்சிலால் அந்தப் பக்கம் முழுவதையும் அடித்தார். ஆனால் அடித்த பக்கத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அறிக்கையில் எங்கள் பரிந்துரை ஒரே வரி, அ ஊருக்கு பஸ் வேண்டும். பஸ் தங்கள் வரம்பில் வராது என்று அறக்கட்டளை பதில் போட்டது. ஆனாலும் பரிந்துரையை மதித்து அடுத்த வருடம் பஸ்ஸைப் பற்றி ஒரு தெருநாடகம் போட்டது. அட்டையில் பஸ், ஓட்டுநராக அதே மீசை. அ ஊர் ஜனங்கள் அட்டை பஸ்ஸில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறு மதிப்பீட்டுப் படிவத்தில் 'போக்குவரத்து வசதி' என்ற இடத்தில் சார் தன் கையால் எழுதினார்: 'பஸ் ஒன்று. அட்டை.'

அதன் பிறகு நான் வேலையில் இருந்த வரையில், புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ராசம்மாவின் களத்துக் கதையைச் சொல்வேன். ஒரு கேள்வி, அதற்கப்புறம் நூறு வரை எண்ணும் பொறுமை, அவ்வளவுதான் ஒரு கல்யாணத்தை நிறுத்தியது என்பேன். சொல்லச் சொல்ல எண்ணிக்கை நூறிலிருந்து முந்நூறு வரை போய்விட்டது.

போன வருடம் முழங்கால் வலிக்காக சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் பெயரைக் கூப்பிட்ட நர்ஸ் முகத்தை உற்றுப் பார்த்து, "டீச்சருங்களா? நான் சங்கீதாங்க. ராசம்மா அத்தை ஊட்ல இருந்து படிச்சனே" என்றாள். கல்யாணம் இன்னும் ஆகவில்லையாம், அவசரமும் இல்லையாம். எனக்கு முழங்கால் வலியே மறந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, அன்று களத்தில் நான் எப்படிப் பேசாமல் இருந்தேன் என்பதை முழுதாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதுக்கு மொத நாளே நான் அத்தைகிட்டப் போயிருந்தனுங்க" என்றாள்.

"யாரோட?"

"தனியாத்தானுங்க. எஸ்டேட் பாதைல நடந்து. 'அத்த, பேச்சக் கலைச்சுப் போட்டு என்னைய மகளாக் கூட்டிக்கோ, நான் படிச்சுக்கறேன்'னு சொன்னேன். அத்தை ஒண்ணும் சொல்லல. சின்னப் புள்ள சொல்லிப் பேச்சக் கலைச்சேன்னு ஊருக்குள்ள சொல்ல முடியுங்களா? அடுத்த நாள் நீங்க வந்தீங்க. ஆபீஸ் டீச்சர் சொல்லிட்டாங்கன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பதினெட்டு நிறையாதவர்களைப் பேட்டி எடுக்கக் கூடாது என்று எங்கள் கையேட்டில் ஒரு விதி உண்டு. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அம்மாவைக் கேட்டேன், அப்பாவைக் கேட்டேன், அத்தையைக் கேட்டேன், கழிப்பறையைக்கூடக் கேட்டேன்.

"நான் உங்க ஊட்டுக்கு மூணு தடவ வந்தேனே கண்ணு, அப்ப நீ எங்க இருந்த?"

"அங்கதானுங்க இருந்தேன். மூணு தடவையும் நாந்தான் உங்களுக்குக் காப்பி வெச்சுக் கொண்டாந்தேன். சக்கர போதுங்களான்னு கேட்டேன். போதும்னீங்க."